முள் ஏறாத மத்தியானம்

அன்புள்ள அன்னத்துக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கடலோரத்துப் பள்ளிக்கூடம், ஓட்டுக் கட்டடம், நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் உன் பொறுப்பு, தங்க இடம் கொடுத்த டீச்சரம்மா நல்ல மாதிரி என்றெல்லாம் எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மட்டும் வாசிக்கவில்லை. காற்று, மழைப் பாடங்களைப் பக்கத்து வகுப்பு சாரிடம் தள்ளிவிட்டதாகவும், பதிலுக்கு அவருடைய கணக்கு வகுப்பை நீ எடுத்துக்கொண்டதாகவும் அதில் எழுதியிருந்தாய். ‘முள்ளைத் தப்பாகப் படித்து ஒரு பிள்ளையைத் தொலைத்தவள் அந்தப் பாடத்தை எந்த முகத்தோடு எடுப்பது, அப்பா?’ என்று கேட்டிருந்தாய். என் சுபாவம் உனக்குத் தெரியும். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் கோபம் என்று தேடிப் பார்த்தால் கண்ணாடியில்தான் அந்த ஆள் இருந்தான். மூன்று நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நாளைப் பற்றி நீ மனதில் வைத்திருப்பது தப்பு. அதைத் தப்பாக வைத்துக்கொள்ளும்படி செய்தவன் நான். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தே செய்தேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. யுத்தம் வந்து போய்விட்டது, புதுக்கோட்டை சமஸ்தானமே போய் நாம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்துவிட்டோம், நானும் ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவும் மாறிய பிறகும் நான் சொன்ன ஒரு பொய் மட்டும் அப்படியே இருக்கிறது, அதுவும் உன் தலையில் இருக்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும். பள்ளிக்கூடம் விட்டபிறகு, தனியாக இருக்கும்போது படி.

நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிதில் பூகோளப் பாடம் என்றால் ஒப்பிப்பதுதான். ஒரு நாளும் பார்க்கப் போகாத நதிகளின் பேரைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் சொல்வார்கள். தலைக்கு மேல் போகிற மேகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் முழிப்பார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. என் பழைய வேட்டியைக் கிழித்து மூங்கில் கழியில் கொடி கட்டி, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தினமும் பார்க்க வைத்தேன். “வேட்டியத் தைக்கத்தான் தெரியாது, கிழிக்க நல்லாத் தெரியுது ஒங்களுக்கு” என்று உன் அம்மா சொன்னாள். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மழை அளக்கும் பாத்திரம் செய்தோம். டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் புதிதாகக் காற்றழுத்தமானி வாங்கியபோது, கழித்துப் போட்ட பழையதை இன்ஸ்பெக்டர் எனக்கு வாங்கித் தந்தார். பித்தளை வட்டம், மேலே கண்ணாடி, உள்ளே கடிகாரத்தில் இருப்பதுபோல ஒற்றை முள். காற்றின் கனம் குறைந்தால் முள் இறங்கும், மழையோ புயலோ வரும். கனம் கூடினால் முள் ஏறும், வானம் தெளியும். பிள்ளைகள் அதை முள்பெட்டி என்றார்கள், அந்தப் பேரே நிலைத்துவிட்டது. வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு முறை. முறைப்பிள்ளை காலையிலும் மத்தியானமும் சாயங்காலமும் முள்ளைப் பார்த்து மழை நோட்டில் எழுத வேண்டும். அதை நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன்.

உனக்கு ஒரு தனிச் சட்டமும் வைத்திருந்தேன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் நான் உனக்கு அப்பா இல்லை, சார். வாத்தியார் மகளுக்குச் சலுகை என்று யாரும் வாய்திறந்து சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு ரோஷம். முதலாம் வகுப்பில் ஒரு நாள் நீ கீழே விழுந்து முழங்கால் சிராய்ந்து “அப்பா” என்று அழுதுகொண்டு ஓடி வந்தாய். “இங்க ஒங்கப்பா யாரும் இல்ல, போய் ஒக்காரு” என்று திருப்பி அனுப்பினேன். அதைப் பெருமையாக வெளியில் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தை நீ ஒரே ஒரு தடவைதான் மீறினாய். அதற்கு வருகிறேன்.

முள்பெட்டி வந்தபிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. மேற்கே குடுமியான்மலைப் பக்கம் கறுத்து, முள்ளும் இறங்கினால், “சாயங்காலம் மழைடா” என்பேன். பெரும்பாலும் பெய்யும். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் பெரியவர்களே வர ஆரம்பித்தார்கள். “வாத்தியாரய்யா, கடலை புடுங்கலாமுங்களா, ரெண்டு நாள் பொறுக்கலாமுங்களா?” என்று வாசலில் நின்று கேட்பார்கள். நான் உள்ளே போய், அவசரமே இல்லாமல் கண்ணாடியைத் துடைத்து, முள்ளைப் பார்த்துவிட்டு வந்து சோசியன் மாதிரி பதில் சொல்வேன். தெரியாது என்று சொன்னதாக ஒரு நாள்கூட எனக்கு ஞாபகம் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வாங்கியதை வைத்து ஊருக்குள் பெரிய மனுஷன் ஆகிக்கொண்டிருந்தேன்.

புயல் பாடம் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூட முற்றத்தில் இருந்த வேப்பமரத்தைச் சுற்றிப் பிள்ளைகளைக் கைகோத்து நிற்க வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஓடவிடுவேன். புயல் என்பது நேராக அடித்துக்கொண்டு போகிற காற்று இல்லை, இப்படி வட்டமாகச் சுற்றிக்கொண்டே கடலிலிருந்து மேற்கே நகர்ந்து வருவது என்று காட்டுவதற்காக. நல்ல முறைதான். பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்த பாடம் கிடையாது. அப்படி ஒரு நாள் ஓடி முடித்து எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது உன் பக்கத்தில் உட்காரும் பஞ்சவர்ணம் எழுந்து கேட்டாள். உன்னைவிட ஒரு வயது பெரியவள், கண்மாய்க்கு அப்பால் இருக்கும் குடியிருப்பிலிருந்து வருகிறவள். “சுத்திச் சுத்திக் காத்து ஓடுதுல்ல சார், நடுவுல என்னங்க சார் இருக்கும்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நடுவுல வேப்பமரம் இருக்கு, கண்ணு தெரியலயா?” என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை, அன்னம். டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் படித்த புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருந்தது. நடுவில் காற்று அறவே நின்றுபோகும், வெயில்கூட அடிக்கும், நடுப்பகுதி கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும் என்று போட்டிருந்தது. பரீட்சைக்குப் படித்தேன், பரீட்சை முடிந்ததும் மறந்தேன். அந்தக் கேள்வி வந்தபோது ஏதோ நெருடியது. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பிரித்திருக்கலாம். பிள்ளைகள் சிரித்த சந்தோஷத்தில் அதையும் விட்டுவிட்டேன்.

அது கழிந்து இரண்டு மாதம் இருக்கும், கார்த்திகை மாசம் புயல் வந்தது. காலையில் தூறலும் வாடைக்காற்றும்தான். முள் இறங்கத் தொடங்கியிருந்தது. அப்போதே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் பாடப் புத்தகத்தில் இருப்பதைக் கண்முன்னால் காட்ட இப்படி ஒரு நாள் கிடைக்குமா என்று எனக்கு உள்ளூரக் குஷி. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு முள் இறங்குவதைக் காட்டினேன். பத்து மணிக்கு மேல் வாடை வெறிபிடித்து அடித்தது. வேட்டிக்கொடி கழியோடு போனது. கூரையின் வடக்குப் பக்கம் பிய்ந்து மழை உள்ளே கொட்டியது. பிள்ளைகளைத் தெற்குச் சுவரோரம் ஒண்டவைத்து, பெஞ்சுகளைச் சாய்த்து மறைத்துவிட்டு, நான் குறுக்கே நின்றுகொண்டேன். அதுவரைக்கும் நான் செய்தது சரிதான்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் காற்று நின்றது. குறையவில்லை, நின்றே போனது. மேகம் விலகி வெயில் அடித்தது. வேப்பமரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. பிள்ளைகள் நனைந்து நடுங்கிக்கொண்டு பசியோடு இருந்தார்கள், சின்னதுகள் அழுதன. உள்ளூர்க்காரர்கள் ஓடிவந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது அக்கரைக் குடியிருப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரும் நீயும். “வாடை நின்னுபோச்சு, புயல் கடந்துருச்சு. பொழுதோட வீடு போய்ச் சேருங்க” என்றேன். அந்த வாரம் முள்பெட்டி முறை உன்னுடையது. நீ அதன் முன்னால் பலகையில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

“சார், முள்ளு ஏறலைங்க சார்” என்றாய்.

“கண்ணாடி நனஞ்சிருக்கும், தொடச்சுப் பாரு” என்றேன். துடைத்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னாய். நான் காதில் வாங்காமல் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். நீ பலகையிலிருந்து குதித்து ஓடிவந்து என் கையைப் பிடித்து, “அப்பா, முள்ளு ஏறவே இல்லப்பா, கீழதான்ப்பா நிக்குது” என்றாய். பிள்ளைகள் முன்னால் அப்பா என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. அதற்கு மேல் நீ சொன்னது எதுவும் விழவில்லை. “பள்ளிக்கூடத்துல என்ன அப்பா வேண்டிக்கெடக்கு, போய் நோட்டுல எழுது” என்று கையை உதறினேன். நீ போய் எழுதினாய். இருபத்தொன்பது, புள்ளி, ஒன்று. அது சரியான எண். அந்தப் பெட்டி நம் ஊருக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு கீழே முள் நின்றதே இல்லை. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் புயலைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் பத்து வயதுப் பெண் ஒருத்திதான்.

இன்னொன்றும் செய்தேன். மழைக்காலத்தில் நம் ஊரில் யாரும் கண்மாய்க்கரையின் மேலே நடக்க மாட்டார்கள். கரை கிழக்கு மேற்காகப் போகிறது, வடக்கே தண்ணீர், தெற்கே வயல். வாடைக்குப் பயந்து எல்லோரும் தெற்குச் சரிவின் அடியை ஒட்டியே போவார்கள். மாட்டைக் கட்டுவதானாலும் வைக்கோலைப் போடுவதானாலும் எதற்குமே தெற்குப் பக்கம்தான் நமக்கு மறைவு. பழக்கத்தில் நானும், “கரைக்குத் தெக்கால அடியோரமாவே போங்க, மேல ஏறாதீங்க” என்று சொல்லி அனுப்பினேன். பஞ்சவர்ணம் இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியாகப் போனாள்.

அவர்கள் பாதிக் கரை போயிருப்பார்கள், தெற்கேயிருந்து அடித்தது. காலையில் அடித்ததைவிடப் பலமாக, ஒரே மூச்சில். மறைவு என்று நான் சொல்லி அனுப்பிய இடம்தான் காற்றுக்கு நேர் எதிரே இருந்தது. பனைமரங்கள் வடக்கே சாய்ந்து விழுந்தன. பெரிய பிள்ளைகள் பள்ளத்தில் படுத்துக்கொண்டார்கள். பஞ்சவர்ணம் படுக்கவில்லை. காற்று தெற்கேயிருந்து வந்தால் மறைவு வடக்கே இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு சின்னதுகளையும் இழுத்துக்கொண்டு கரையைத் தாண்டி மறுபக்கம் இறங்கி, மடைக்கல்லைப் பிடித்துக்கொள்ள வைத்திருக்கிறாள். அந்த இரண்டும் பிழைத்தன. அவை சொல்லித்தான் நமக்கு இவ்வளவும் தெரியும். அவளுக்குப் பிடிக்கக் கல்லில் இடம் இல்லை. கண்மாய் நிறைந்து கிடந்தது. மறுநாள் காலை அவளை எடுத்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த காற்றுப் பாடத்தை என்னைவிடச் சரியாகப் படித்தவள் அவள்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. ஐந்தாவது நாள் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் மழை நோட்டை எடுத்துப் பார்த்தேன். உன் கையெழுத்தில் அந்த ஒன்று நின்றது. நான் கையெழுத்துப் போடாமல் விட்ட வரி அது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட, கடலை பிடுங்கலாமா என்று கேட்டு வந்தவர்கள் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. பேனாவை எடுத்து அந்த ஒன்றுக்குத் தலையில் ஒரு கோடு இழுத்து ஏழாக்கினேன். முள் ஏறிவிட்டது என்று அர்த்தம். பிறகு உன்னைக் கூப்பிட்டேன். “முள்ளு ஏறிருச்சுன்னு நீ சொன்னதாலதான அனுப்பினேன்” என்றேன். “நான் ஏறலன்னுல்லப்பா சொன்னேன்” என்றாய். நோட்டைக் காட்டி, “இது யாரு எழுதுனது?” என்றேன். “நாந்தான். ஒண்ணுதான எழுதுனேன்?” என்றாய். “ஏழு எழுதிருக்க, பாரு. காத்துச் சத்தத்துல பயந்துபோய்த் தப்பாப் படிச்சிருக்க. இப்ப ஒனக்கே ஞாபகம் இல்ல” என்றேன். நீ நோட்டைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய், மறுபடி நோட்டைப் பார்த்தாய். “சரிப்பா” என்றாய்.

கூட்டல் தப்பானால் அழித்துப் போடலாம். தன் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஒரு பிள்ளையை நம்பவைத்தேன், அதை எதைக்கொண்டு அழிப்பது? மறுநாள் இன்ஸ்பெக்டர் ஊர்க்காரர்கள் எல்லோரும் நிற்க, “எதை நம்பிப் பிள்ளைகளை அனுப்பினீர்?” என்று கேட்டார். நான் நோட்டை நீட்டி, “முறைப்பிள்ளை முள் ஏறிவிட்டதாகப் படித்தது சார்” என்று உன்னைக் காட்டினேன். “நீதானாம்மா படிச்சது?” என்று கேட்டதற்கு, “ஆமா சார்” என்றாய். சின்னப் பிள்ளை, பயத்தில் தப்பாகப் படிப்பது சகஜம் என்று அவர் எழுதிக்கொண்டு போனார். நீ என் கையைப் பிடித்துச் சொன்னதைக் கேட்ட அக்கரைப் பிள்ளைகள் வாத்தியார் பேச்சை மறுத்துச் சொல்லப் பயந்தார்கள், ஊரும் அதையே சொன்னது. குழந்தையை யார் கோபித்துக்கொள்வார்கள்? அது தெரிந்துதான் உன்னை முன்னால் நிறுத்தினேன். பஞ்சவர்ணத்தின் ஆத்தா வீராயி கூட்டத்திலிருந்து வந்து உன் கன்னத்தைத் தடவி, “நீ என்ன தாயி பண்ணுவ, பச்சப்புள்ள” என்றாள். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு முள்பெட்டி முறை வரும்போதெல்லாம் நீ வேறு பிள்ளையோடு மாற்றிக்கொண்டாய். எண்களை எழுதினால் இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பாய். பாட்டு நன்றாகப் பாடுகிறாய் என்று யாராவது சொன்னாலும் என் முகத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் சிரிப்பாய். ‘பொண்ணு ரொம்ப அடக்கம்’ என்று ஊரே மெச்சியது, நானும் தலையாட்டினேன். நீ டிரெயினிங்குக்குக் கிளம்பிய அன்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் வந்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, “என்னப்பா, என்னமோ சொல்ல வந்தீங்க?” என்று கேட்டாய். ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது. உன் அப்பாவின் தைரியம் ஒரு சீப்பு வாழைப்பழம் அளவுதான் என்று தெரிந்துகொள்.

நேற்று வீராயியைப் பார்க்கப் போனேன். களத்தில் கடலை காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள். “வாங்க வாத்தியாரய்யா, அன்னம் சொகமா இருக்கா?” என்று கேட்டாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். முள்ளைப் பற்றி, நோட்டில் போட்ட கோட்டைப் பற்றி, தெற்குச் சரிவைப் பற்றி, எல்லாம் சொன்னேன். அவள் கிளறுவதை நிறுத்தவில்லை. “அப்ப அன்னிக்கு ஒங்க மகளத் தடவிக் குடுத்தேனே, அந்தப் புள்ள என்ன நெனச்சிருக்கும்?” என்று கேட்டாள். “அதுக்குச் சொல்லிட்டீங்களா?” என்றாள். இன்னும் இல்லை என்றேன். “பெத்த புள்ளைக்கிச் சொல்லாம எங்கிட்ட ஏன் வந்தீங்க? மொதல்ல அதுக்கு எழுதுங்க” என்றாள்.

போகத் திரும்பியவன், விடுபட்டதையும் சொல்லிவிடலாம் என்று, வேப்பமரத்தடியில் பஞ்சவர்ணம் கேட்ட கேள்வியையும் நான் அடித்த கேலியையும் சொன்னேன். அப்போதுதான் அவள் கை நின்றது. “எம்மக கேட்டுச்சா?” என்றாள். “ஆமா.” “என்னன்னு கேட்டுச்சு, இன்னொருக்காச் சொல்லுங்க.” சொன்னேன். “அது சொன்ன மாதிரியே சொல்லுங்க” என்றாள். அவள் கேட்டபடியே சொன்னேன். அவள் அந்தக் கேள்வியைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், “போயிட்டு வாங்கன்னு சொல்ல வாய் வரல. போங்க” என்றாள். வந்துவிட்டேன். அவள் மன்னிப்பாள் என்று எதிர்பார்த்துப் போகவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று சொல்வதும் பொய்யாக இருக்கலாம்.

உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் போடுகிறாள். கல்வி ஆபீசுக்கும் நடந்ததை எழுதி இந்தக் கடிதத்தோடு சேர்த்துத் தபாலில் போடுகிறேன். புது ஆபீசில் இந்தப் பழைய கதையைப் பிரித்துப் படிக்கிறார்களோ, மூலையில் போடுகிறார்களோ, அவர்கள் இஷ்டம். ரிட்டயர் ஆனபோது முள்பெட்டியையும் மழை நோட்டையும் என்னோடு எடுத்துவந்தேன். முள்பெட்டி ரிப்பேர் என்று சொல்லித்தான் கழித்தேன். அதுவும் பொய், அது இன்றைக்கும் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. துணி சுற்றி உனக்கு அனுப்புகிறேன். நோட்டின் அந்தப் பக்கத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார். உன் மை வெளுத்திருக்கும், மேலே இழுத்த கோடு கறுப்பாக நிற்கும். அந்தக் கோடு மட்டும்தான் என் கையெழுத்து.

நீ இருப்பது கடலோரம். உன் வகுப்புப் பிள்ளைகளின் அப்பன்மார் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். ஐப்பசி பிறந்துவிட்டது, வாடை தொடங்கிவிடும். அந்தப் பாடத்தை வேறு யாரிடமும் கொடுக்காதே. உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரிந்துகொண்டே சொல்கிறேன். பிள்ளை ஒன்று கேள்வி கேட்டு உனக்குத் தெரியாவிட்டால், தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லு. வகுப்பைச் சிரிக்கவைக்க ஆயிரம் வழி இருக்கிறது, கேட்ட பிள்ளையை வைத்துச் சிரிக்கவைக்காதே. முள்ளைப் பார்த்த பிள்ளை ஏதாவது சொன்னால், நீயே எழுந்து போய் அதே பலகையில் நின்று பார். ‘சார்’ என்று சொன்னாலும் ‘டீச்சர்’ என்று சொன்னாலும் ‘அம்மா’ என்று சொன்னாலும், எப்படிக் கூப்பிட்டது என்று பார்க்காதே, என்ன சொல்கிறது என்று கேள்.

புயல் பாடத்தை மரத்தடியில் நடத்தாதே. கடற்கரையில் வெறும் மணலில் கொண்டுபோய் நிறுத்து. எல்லாப் பிள்ளைகளும் கைகோத்துச் சுற்றி ஓடட்டும், ஒரு பிள்ளையை மட்டும் நடுவில் சும்மா நிற்கவை. காற்று நின்றால் புயல் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, முள் ஏறுகிறவரை யாரும் வெளியே போகக் கூடாது, அடுத்து அடிப்பது மறுபக்கத்திலிருந்து என்று அந்த நடுவில் நிற்கும் பிள்ளையைக் காட்டிச் சொல்லு. இதை முதலில் கேட்டவள் பஞ்சவர்ணம் என்று சொல்லு. அவள் கேட்ட மாதிரியே அந்தக் கேள்வியைச் சொல்லு. அவளுடைய ஆத்தாவுக்கு அதுதான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

முள் ஏறவில்லை, அன்னம். நீ சரியாகத்தான் படித்தாய்.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத்திலும் உன் அப்பா